குதிக்கிற சத்தம், காசுச் சத்தம்

ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு மூன்று மாதமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். "பழைய வீடியோ கேமிலிருந்து சத்தம் பிரித்துக்கொண்டிருக்கிறேன்." கேட்டவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. வாக்கிங் நண்பர் ஒருவர் மட்டும், பி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தார். அவருக்கும், இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கும் உங்களுக்கும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் தொண்ணூறுகளில் பிள்ளைகள் டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேம் பெட்டி நினைவிருக்கிறதா? மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு கேசட். அதன்மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் வீட்டுப் பெட்டியை 1995-ல் சென்னைக்கு அலுவலக வேலையாகப் போனபோது பர்மா பஜாரில் வாங்கினேன். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்ற பெட்டியின் நகல் அது. நமக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தொப்பி போட்ட மீசைக்காரன் ஒருவன் ஓடுவான், குதிப்பான், தலையால் செங்கல்லை முட்டுவான், காசு எடுப்பான். அவன்தான் மேரியோ. 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' என்ற அந்த ஆட்டம் 1985 செப்டம்பரில் வந்தது. அதன் இசையை அமைத்தவர் கோஜி கோண்டோ. பரீட்சை நேரத்தில் அந்தப் பாட்டைக் கேட்டு எரிச்சல்படாத அப்பா அம்மா நம் தலைமுறையில் குறைவு.

இப்போது என் மகளின் மகனுக்கு 13 வயது. விழித்திரையைப் பற்றிய ஒரு பரம்பரை நோய் அவனுக்கு இருக்கிறது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று பெயர். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். ஒரு குழாயை வைத்துக்கொண்டு அதன் வழியே உலகத்தைப் பார்ப்பதுபோல என்று டாக்டர் விளக்கினார். பேரனுக்கு அந்தக் குழாய் இப்போதே மிகவும் ஒடுங்கிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கியும், செல்போனைப் படித்துக்காட்டச் சொல்லியும் பாடம் படிக்கிறான். நன்றாகப் படிக்கிறான். ஆனால் சாயங்காலம் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது மாடியில் உட்கார்ந்து பந்து மட்டையில் படுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பொங்கலுக்குப் பரண் ஒழித்தபோது அந்தப் பழைய பெட்டி கிடைத்தது. "அம்மா, நீ ஆடுவேன்னு சொல்வியே, அதுவா இது?" என்று கையால் தடவிப் பார்த்தான். பெட்டிக்கு உயிர் இல்லை. கேசட் மட்டும் நன்றாக இருந்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அதிலிருந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து தந்தார். இப்படிப் பழைய பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரை நடக்கவைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பெட்டி செத்தாலும் அதன் புத்தி இன்னொரு உடம்பில் உயிரோடு இருப்பதுபோல.

திரையில் மேரியோ ஓடினான். பேரனுக்கு அவன் தெரியவில்லை. குழாய் வழியே தேடிப் பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் என்னிடம் கேட்டான்: "தாத்தா, இந்தப் பாட்டைத் தனியா எடுத்துட்டு, குதிக்கிற சத்தம், காசுச் சத்தம் மட்டும் சுத்தமாத் தர முடியுமா? எது எதுன்னு கத்துக்கிட்டா நான் காதாலயே ஆடிடுவேன்."

என் மகள் அன்றிரவு என்னிடம் வந்து, "வேண்டாம்பா" என்றாள். "அது கண்ணுக்காகப் பண்ணின ஆட்டம். முடியாததைக் காட்டி ஆசை மூட்டாதீங்க. ஒரு வாரம் முயற்சி பண்ணுவான், அப்புறம் சுருண்டு படுத்துக்குவான். அதை நான்தான் பாக்கணும்." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. "சத்தத்தை மட்டும் பிரிச்சுத் தரேன். ஆடறதா வேண்டாமான்னு பிறகு பாக்கலாம்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாள்.

முப்பத்தைந்து வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவனுக்குக் கலந்துபோன குரல்களைப் பிரிப்பது புதிதில்லை. எஸ்.டி.டி. காலத்தில் ஒரே கம்பி ஜோடியில் 12 பேர் பேசுவதை அனுப்புவோம். அதற்குக் கேரியர் முறை என்று பெயர். ஒவ்வொரு குரலுக்கும் 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு வரப்பு போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அதிர்வெண்ணை ஏற்றி அனுப்பிவிடுவோம். மறுமுனையில் ஃபில்ட்டர்கள் அந்தந்த வரப்புக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மதுரைக்காரர் பேசுவது சேலத்துக்காரர் காதில் விழாது. அனுப்பும்போதே வரப்பு போட்டதால்தான் பிரிக்க முடிந்தது.

வீடியோ கேமில் அந்த வரப்பு கிடையாது. காசுச் சத்தம் இரண்டே சுரம்தான். முதலாவது ஏறக்குறைய 988 ஹெர்ட்ஸ், அடுத்தது 1319 ஹெர்ட்ஸ். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்வதானால், பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு மேல் ஷட்ஜத்தில் போய் நிற்பதுபோல. முதல் சுரம் ஒரு சொடுக்கு, இரண்டாவது நீண்டு தேயும். பாட்டின் மெட்டும் அதே பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டும் ஒரே வகை அலை, ஒரே நாதம். பாடகர் குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் நவீன மென்பொருள்கள் இருக்கின்றன. அவை குரலின் தன்மை வேறு, டிரம்மின் தன்மை வேறு என்பதை வைத்துப் பிரிப்பவை. இங்கே பாடுகிறவனும் கூவுகிறவனும் ஒரே ஆள். ஃபில்ட்டர் போட்டால் காசும் போகும், பாட்டும் பாதி போகும். வெந்த சாம்பாரிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்கிற கதைதான்.

ஆனால் இந்த இடத்தில் பழைய வீடியோ கேமுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. அதில் பாட்டு பதிவாகி இருப்பதில்லை. மேரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்தான். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' படம் ஒன்றுகூட இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40-க்குள் ஓட்டம், படம், பகைவர்கள், பாட்டு எல்லாமே அடக்கம். பாட்டைப் பதிவுசெய்து வைக்க அங்கே இடமேது? வைத்திருப்பது வெறும் குறிப்புதான். 'இந்தச் சுரத்தை, இவ்வளவு நேரம், இவ்வளவு சத்தமாக வாசி' என்கிற உத்தரவுகள். கச்சேரியின் ஒலிநாடா இல்லை, சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம்.

அதைப் பார்த்து வாசிப்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிப். ரிக்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது, நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பில் ஓடுவது. அதற்குள் ஐந்து வாத்தியக்காரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாஷையில் ஐந்து சேனல். முதல் இரண்டும் சதுர அலை வாசிப்பவை. நாதஸ்வரமும் ஒத்தும்போல மெட்டைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்பவை. மூன்றாவது முக்கோண அலை, கீழ்ச்சுரங்களுக்கு. அதற்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. வாசிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நான்காவது வெறும் இரைச்சல், தாளத்துக்கும் வெடிப்புக்கும். ஐந்தாவது, பதிவுசெய்த சின்னத் துணுக்குகளை ஒலிக்கவிடுவது.

இந்த ஐந்து பேரும் பாட்டுக்கு மட்டுமல்ல, சவுண்ட் எஃபெக்டுக்கும் அவர்களேதான். வேறு ஆள் கிடையாது. அதனால் மேரியோ குதிக்கும்போது முதல் சதுர அலைக்காரர் தன் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, 'கூயிங்' என்று குதிக்கிற சத்தத்தைப் போட்டு முடித்து, மறுபடி பாட்டில் வந்து சேர்ந்துகொள்வார். காசு எடுத்தால் இரண்டாமவர் அப்படிச் செய்வார். மற்றவர்கள் நிற்காமல் வாசிப்பதால் நம் காது அந்த ஓட்டையைக் கவனிப்பதில்லை. கச்சேரியில் மிருதங்கக்காரர் வாசித்துக்கொண்டே சோடா வாங்கிக் குடிப்பதை யாரும் கவனிக்காததுபோல.

இது தெரிந்ததும் ஒரு விஷயம் விளங்கிவிட்டது. ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. பாட்டு மட்டும் உள்ள பதிவைத் தலைகீழாகத் திருப்பி, பாட்டும் சத்தமும் கலந்த பதிவோடு கூட்டினால், பாட்டு பாட்டோடு அடிபட்டுப்போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். கழித்தல் கணக்கு. ஆனால் இங்கே அது பலிக்காது. ஏனென்றால் சத்தம் பாட்டின்மேல் கூடவில்லை. பாட்டில் ஒரு குரலை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கழித்தால் காசுச் சத்தத்தோடு, அந்த நேரத்தில் வாசிக்கப்படாமல்போன சுரமும் தலைகீழாக வந்து ஒட்டிக்கொள்ளும். வராத விருந்தாளிக்கும் இலை போட்ட மாதிரி.

அதே காரணம்தான் வழியையும் காட்டிக்கொடுத்தது. கலந்தபின் பிரிக்கவேண்டாம், கலக்குமுன்பே பிடித்துவிடலாம். எமுலேட்டரில் ஐந்து சேனலுக்கும் தனித்தனியாகச் சத்தத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. எஃப்சியுஎக்ஸ், மெசென் என்ற இரண்டிலும் பார்த்தேன். இரண்டாவது சதுர அலையைத் தவிர மற்ற நான்கையும் வாய்மூடச் செய்துவிட்டு, ஆடிக்கொண்டே பதிவுசெய்யவேண்டும். அந்த ஒற்றைச் சேனலில் பாட்டின் ஒரு இழை ஓடிக்கொண்டிருக்கும். காசு எடுத்ததும் அந்த இழை அறுந்துவிடும். காசுச் சத்தம் தொடங்கி முடியும்வரை அங்கே வேறு எதுவுமே கிடையாது. பிறகு பாட்டு மீண்டும் வரும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, முன்னும் பின்னும் கத்தரித்தால் போதும். கழுவவேண்டாம், வடிகட்டவேண்டாம். ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவான காசுச் சத்தம், கடைந்த வெண்ணெய்போலத் தனியாக வந்து நிற்கிறது. பாட்டு தானே ஒதுங்கி இடம் கொடுத்ததால் வந்த சுத்தம் அது.

செங்கல் நொறுங்கும் சத்தத்துக்கு மட்டும் பொறுமை வேண்டியிருந்தது. அது இரைச்சல் சேனலில் வருவது, தாளமும் அங்கேதான் இருக்கிறது. பலமுறை பதிந்து, தாளத்தின் தட்டு படாத ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன்.

இதற்கெல்லாம் யாராவது ஆடவேண்டுமே? என் விரலுக்கு அந்த வேகம் கிடையாது. இரண்டாம் நாள் இரவு என் மகள் சமையலறை வேலையை முடித்துவிட்டு வந்தாள். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த வேகத்துல நீங்க அடுத்த பொங்கலுக்குத்தான் கோட்டைக்குப் போவீங்க. தள்ளுங்க" என்று உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொன்னவள்தான். முப்பது வருடம் தொடாத விரல், பொத்தான்மேல் வைத்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அவள் ஆட, நான் பதிய, மூன்று இரவுகள்.

ஆனால் முதல் இரவே ஒரு தகராறு. "அப்பா, இது நம்ம வீட்டுச் சத்தம் இல்ல" என்றாள். "காசு இப்படிக் கேக்காது. பாட்டும் ரொம்ப ஓடுது." ஞாபகம் அப்படித்தான் ஏமாற்றும் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் ஞாபகம் ஏமாற்றவில்லை. ஜப்பானியப் பெட்டி அந்த ஊர் டிவிக்கு ஏற்ப நொடிக்கு 60 படம் காட்டும். நம் ஊர் டிவி 50. ஆட்டமும் பாட்டும் அந்தப் படக் கணக்கில்தான் நகரும் என்பதால், நம் டிவிக்காக வந்த நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு நிதானமாக நடக்கும். சுருதி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

நாதத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. சதுர அலை ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் குரல் மாறும். பாதி நேரம் நின்றால் உள்ளே வெற்றிடமாக, புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் நடுவில் கேட்கும். கால்வாசி நின்றால் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். நகல் பெட்டிகளில் பலவற்றில், சிப்பைப் பார்த்துச் செய்தவர்கள் இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். பாதி கேட்டால் கால் வரும், கால் கேட்டால் பாதி வரும். எமுலேட்டர் எழுதியவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. வேகத்துக்கு 'டெண்டி' என்று ஒரு தேர்வு. ரஷ்யாவில் விற்ற இதேபோன்ற ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. நாதத்தை இடம் மாற்றுவதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டேன். மேரியோ குதித்தான், காசு எடுத்தான். மூக்கால் பாடுகிற காசு.

என் மகள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "இதுதான்" என்றாள். "அம்மா அந்தப் பக்கம் ரசத்துக்குத் தாளிக்கிற சத்தத்தோட இதைத்தான் கேப்பேன்." அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.

மூன்று இரவில் 18 ஓசைகள் சேர்ந்தன. ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானின் சத்தத்தைச் சேர்க்காத கணக்கு இது. முதல் சதுர அலையில் எட்டு, இரண்டாவதில் எட்டு, இரைச்சலில் இரண்டு. குதிப்பது, தலை முட்டுவது, மிதிப்பது, நெருப்புக் குண்டு எறிவது, கொடிக்கம்பத்தில் இறங்குவது, காளான் முளைப்பது, அதை எடுப்பது, கூடுதல் உயிர் கிடைக்கும் ஆறு சுரம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் குரலில் அதன் பெயரைச் சொல்லிப் பதிந்தேன். "காசு", பிறகு காசுச் சத்தம். "செங்கல்", பிறகு செங்கல். ஓசைகளுக்கு ஓர் அரிச்சுவடி. பேரன் அதை ஹெட்போனில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேனில்கூடக் கேட்டிருக்கிறான்.

இரண்டாம் நாளே வந்து, "தாத்தா, 'குதிப்பு' ரெண்டு இருக்கு. ஒண்ணு கீச்சுன்னு இருக்கு" என்றான். மேரியோ சிறியவனாக இருக்கும்போது குதித்தால் சுருதி மேலே இருக்கும். காளான் தின்று பெரியவனான பிறகு கனமாகக் கேட்கும். கண்ணுள்ளவர்கள் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவே மாட்டார்கள், ஆள்தான் திரையில் தெரிகிறானே. இவனுக்கு அதுதான் செய்தி. ஒருமுறை குதித்தால் தான் பெரியவனா சிறியவனா என்று தெரிந்துவிடும்.

மறுநாள் இன்னொரு புகார். "'குழாய்'க்கும் 'அடி'க்கும் ஒரே சத்தத்தைப் போட்டுட்டீங்க." பதிவுகளை எடுத்து ஒப்பிட்டேன். ஆட்டமே அப்படித்தான் இருக்கிறது. குழாய்க்குள் இறங்கினாலும், பெரிய மேரியோ அடிபட்டுச் சிறுத்தாலும் ஒரே ஓசை. 40 கிலோபைட்டுக்குள் குடித்தனம் நடத்துபவர்கள் ஒரே பாத்திரத்தில் பாலும் காய்ச்சுவார்கள், ரசமும் வைப்பார்கள். "அப்ப எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தான். "அடுத்த குதிப்பைக் கேக்கணும். கனமா இருந்தா குழாய். கீச்சுன்னு இருந்தா அடி. முன்னாடியே சின்னவனா இருந்தா சந்தேகமே இல்ல, அடின்னா நேரா சாவுதான்." அவன் இன்னும் ஒருமுறைகூட ஆடியிருக்கவில்லை. கேட்டே கண்டுபிடித்தான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் மகள், "நான் அஞ்சு வருஷம் ஆடினேன், எனக்கு இது தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு ஆடவேண்டாம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஆடத் தொடங்கியபோதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. குதித்ததற்குச் சத்தம் உண்டு, முட்டியதற்கு உண்டு, மிதித்ததற்கு உண்டு. எல்லாமே நடந்து முடிந்ததைச் சொல்லும் ஓசைகள். வரப்போவதைச் சொல்லும் ஓசை ஒன்றுகூட இல்லை. முதல் கட்டத்தில் மூன்று குழிகள் இருக்கின்றன. குழி சத்தம் போடாது. விழுந்தபிறகு சாகும் பாட்டுதான் வரும். இருபது முறை, முப்பது முறை விழுந்தான். "குழிக்கு மட்டும் சத்தமே இல்ல தாத்தா" என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது. மகள் பயந்தது இதைத்தான். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீ ஓடு. நான் சொல்றேன்" என்றாள். மேரியோ ஓடினான். "குழாய், தாண்டு. இன்னொண்ணு. கீழ ஒருத்தன் வரான், இப்ப. குழி... தாண்டு!" அவன் தாண்டினான். மறுபக்கம் கால் பட்டதற்கும் அந்த ஆட்டத்தில் சத்தம் கிடையாது. பாட்டு அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் தாண்டிவிட்டதற்கு அடையாளம்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பாட்டை எடுத்துவிடச் சொன்ன பையன் ஒரு வாரம் கழித்து, "பாட்டைச் சத்தமா வைங்க தாத்தா" என்றான். ஓசைகளெல்லாம் மனப்பாடமாகிவிட்டதால் பாட்டுக்கு நடுவிலும் அவை அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டன. இப்போது அவனுக்குப் பாட்டு வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது. கட்டம் தொடங்கும்போதே பாட்டும் தொடங்குகிறது. குழி என்றும் நகர்வதில்லை. நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடினால், முதல் குழி எப்போதும் மெட்டின் ஒரே இடத்தில்தான் வரும். ஆட்டமும் பாட்டும் ஒரே கணக்கில் நகர்வதால் இது பிசகாது. விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே எண்ணுகிறான். நேரம் குறைந்தால் பாட்டு வேகமெடுக்கும், அதுவும் அவனுக்கு எச்சரிக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டே இந்த ஆட்டத்தை ஆடிக்காட்டும் ஆட்டக்காரர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காதுதான் அளவுகோல். பேரன் அதைத் தானாகவே கண்டுகொண்டான்.

நடுவில் எங்காவது முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அந்தக் கணக்கு தவறிவிடும். அப்போது அம்மாவின் குரல் வேண்டும். அவளும் இப்போது தேவையானதற்கு மட்டும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போது வாய் திறப்பதில்லை. தாளம் போடும் விரல் நின்றால் மட்டும் சொல்கிறாள்.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடிக்கம்பச் சத்தம் கேட்டது. கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிற அந்த நீளமான ஓசையை அரிச்சுவடியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். தன் விரலால் வரவழைத்துக் கேட்டது அன்றுதான். நான் சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப்பார்த்தார்.

இந்த ஓசைகளை அனுப்பும்படி யாரும் கேட்காதீர்கள். ஆட்டமும் அதன் இசையும் நின்டெண்டோவின் சொத்து. எங்கள் பையன் படிப்பதற்காக எடுத்தது, வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஆனால் உங்கள் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. பழைய லேப்டாப் ஒன்று, ஹெட்போன் ஒன்று, ஆடத் தெரிந்த மகனோ மகளோ ஒருவர் இருந்தால் போதும். ஒவ்வொரு சேனலையும் தனியாகத் திறந்து கேட்டுப் பாருங்கள். முப்பது வருடம் நாம் எரிச்சலோடு கேட்ட பாட்டுக்குள் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

அடுத்த மாதம் பேரனுக்குக் கண் பரிசோதனை இருக்கிறது. குழாய் இன்னும் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அப்போது சொல்வார்கள். இப்போதைக்கு அவன் இரண்டாம் கட்டத்தில், தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறான். அங்கே பாட்டு வேறு, அதனால் கணக்கும் வேறு.

நேற்று ராத்திரி அவன் தன் அம்மாவுக்குப் பரீட்சை வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும், அவன் ஓசையைப் போடுவான், பெயர் சொல்லவேண்டும். பதினெட்டில் பதினொன்று சரியாகச் சொன்னாள். ஒன்றைப் போட்டுவிட்டு, "இது குழாயா, அடியா?" என்று கேட்டான். அவள் யோசித்து, "குழாய்" என்றாள்.

"அதெப்படி இப்பவே சொல்வே?" என்றான். "இன்னும் குதிக்கவே இல்லையே."